இந்துவும் கோடாக்ரோமும்: படச்சுருள் நினைவேக்கத்தைக் கையறுநிலை வழி வாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

ஒளிப்படச் சுருள் அன்றாடப் பயன்பாட்டிலிருந்து விலகியபின் அதன்மீது எழுந்த நினைவேக்கம் இன்று தனியொரு சொல்லாடலாக வளர்ந்துள்ளது. அமெரிக்க கோடாக்ரோம் சுருளுக்கு 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் நிகழ்ந்த பிரியாவிடை அதன் உச்சம். உதகமண்டலத்தில் உருவான 'இந்து' சுருளுக்கோ அத்தகைய பிரியாவிடை வாய்க்கவில்லை. இவ்விரு நிலைகளையும் புறநானூற்றுக் கையறுநிலைத் துறையின் துணைகொண்டு இக்கட்டுரை ஒப்பிடுகிறது. இழப்பைப் பாடும் குரல், இழப்புக்குக் காரணமானவரையும் தான் பெற்றவற்றையும் சொல்கிறதா என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. சுருளின் இடத்தைப் பிடித்த கைப்பேசிக்கு உறுப்பு செய்யும் உத்தனப்பள்ளி வட்டாரம் இவ்வாசிப்பின் களமாக அமைகிறது.

திறவுச்சொற்கள்: ஒளிப்படச் சுருள், நினைவேக்கம், கையறுநிலை, இந்து, கோடாக்ரோம், உத்தனப்பள்ளி

களம்

ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையில் அமைந்த உத்தனப்பள்ளி, தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் எல்லைப்புற ஊர். கேழ்வரகும் கொள்ளும் தக்காளியும் விளையும் இம்மேட்டுநிலத்தில், நாகமங்கலத்தை ஒட்டி டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் ஆலை இயங்குகிறது. ஐபோனின் உடற்கூடு அங்கே உருவாகிறது. ஆலையில் பணிபுரிவோருள் பெரும்பான்மையினர் பெண்கள். தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கியிருப்போர் அவர்களுள் பலர்.

கேமரா என்னும் சொல்லுக்கு இலத்தீனில் அறை என்பதே பொருள். ஒளிப்படக் கருவியின் மூதாதை ஓர் இருட்டறை. அவ்வகையில் கைப்பேசியின் கூட்டைச் செய்வோர் அறையைச் செய்வோரே ஆவர். இன்றைய உலகில் மிகுதியான படங்களை எடுக்கும் கருவி கைப்பேசி என்பதால், படச்சுருளின் முடிவைப் பற்றிப் பேச உத்தனப்பள்ளி பொருத்தமற்ற இடமன்று.

ஓசூர் வட்டாரத்துக்கு இது புதிய அனுபவமும் அன்று. 1984இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் கடிகார ஆலை ஓசூரில்தான் எழுந்தது. அதன் குவார்ட்ஸ் கடிகாரங்கள், ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில் 1961 முதல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத் துணையோடு உருவான எச்.எம்.டி. கைக்கடிகாரங்களைச் சந்தையிலிருந்து ஒதுக்கின. எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட நடுவணரசு 2016இல் ஒப்புதல் அளித்தபோது, பழைய சாவிக் கடிகாரங்களைத் தேடி வாங்கும் ஆர்வம் நாடெங்கும் பெருகியது. வழக்கொழிந்தவற்றின் இடத்தை நிரப்பும் பொருள்களைச் செய்யும் வட்டாரமாக ஓசூர் இருமுறை அமைந்திருக்கிறது. நினைவேக்கம் பற்றிய எழுத்துகளில் ஒழிந்த பொருளின் ஊர் இடம்பெறும். அதற்கு மாற்றாக வந்த பொருளின் ஊர் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. இந்தக் குறையை மனத்திற்கொண்டே கீழ்வரும் இரு சுருள்களையும் அணுக வேண்டும்.

கோடாக்ரோமின் பிரியாவிடை

கோடாக்ரோம் 1935இல் அறிமுகமானது. அதை உருவாக்கிய லியோபோல்ட் மேன்ஸ், லியோபோல்ட் கொடாவ்ஸ்கி இருவரும் இசைக்கலைஞர்கள். இச்சுருளின் தனித்தன்மை, வண்ணத்தைத் தரும் பொருள் சுருளில் இல்லாமல் கழுவும் நிலையில் சேர்க்கப்படுவது. கழுவும்வரை அதுவும் ஒருவகையில் கறுப்பு வெள்ளைச் சுருளே. வண்ணம் மங்காமல் நெடுநாள் நிற்பது இதனால் வாய்த்த நன்மை. எந்தச் சிற்றூர் ஸ்டுடியோவிலும் கழுவ முடியாத, நிறுவனத்தின் தனி ஆய்வகத்தையே எதிர்பார்த்திருக்க வேண்டிய நிலை இதனால் விளைந்த தீமை. கோடாக்ரோம் மீதான காதலைப் பேசுவோர் முதலாவதை விரித்துரைப்பர். இரண்டாவதை ஒரு சடங்கின் அழகாக மாற்றிவிடுவர்.

2009 ஜூன் 22 அன்று கோடாக் நிறுவனம் இச்சுருளை நிறுத்துவதாக அறிவித்தது. இறுதிச் சுருள்களுள் ஒன்று ஸ்டீவ் மெக்கரியிடம் தரப்பட்டது. 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகிரபிக் இதழின் அட்டையில் வந்த ஆப்கானியச் சிறுமியின் படத்தை கோடாக்ரோமில் எடுத்தவர் அவர். முப்பத்தாறு சட்டகங்களை நியூயார்க், மும்பை, இராசத்தான் என்று சுமந்து சென்று, கான்சாஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் நகரில் நிறைவு செய்தார். அங்கிருந்த ட்வெய்ன்ஸ் என்னும் ஆய்வகமே உலகில் இச்சுருளைக் கழுவிய கடைசி ஆய்வகம். 2010 டிசம்பர் 30 வரை வந்த சுருள்களை அது ஏற்றுக்கொண்டது.

இந்த முப்பத்தாறு சட்டகங்களின் தேர்வு ஆராயத்தக்கது. இந்தியப் பகுதியில் மும்பைத் திரைக்கலைஞர்களும் இராசத்தானின் ராபரி மக்களும் இடம்பெறுகின்றனர். ராபரியர் நாடோடி மேய்ச்சல் மரபினர். மறையும் சுருளில் மறையும் வாழ்க்கையைப் பதிவதென்பது இத்தேர்வின் உட்கருத்து. இங்கு இரு மறைவுகளும் ஒன்றையொன்று அழகுபடுத்துகின்றன. மேய்ச்சல் வாழ்வு ஏன் சுருங்குகிறது என்னும் வினா எழுவதில்லை. சுருள் மறைவதைப் போல அதுவும் இயல்பாக மறைவதான தோற்றம் கிடைத்துவிடுகிறது. மெக்கரியின் இந்தியா காலமற்ற கற்பனை நாடு என்னும் குறையை டேஜு கோல் 2016இல் எழுதிய கட்டுரையில் சுட்டிக்காட்டி, அதற்கெதிராக ரகுபீர் சிங்கின் படங்களை நிறுத்தினார். அவ்வொப்பீடு பொதுவாக ஏற்கத்தக்கது. இருவரும் கோடாக்ரோமில் பணியாற்றியவர்கள் என்பதால், குறை சுருளிலன்று, பார்வையிலேயே உள்ளது என்பதும் அதனால் தெளிவாகிறது.

எனினும் ரகுபீர் சிங்கின் கருத்தொன்று தமிழ்ச் சூழலில் மறுக்கத்தக்கது. 1998இல் வெளிவந்த தம் நூலின் முன்னுரையில், இந்தியப் பார்வை வண்ணத்தாலானது என்றும், கறுப்பு வெள்ளையின் துயரழகியல் மேற்கத்திய நவீனத்துவத்துக்குரியது என்றும் அவர் வாதிட்டார். வெளிநாட்டு இதழ்ப் பணிகளின் வழியாக வண்ணச்சுருள் பெற்ற ஒரு கலைஞரின் அனுபவம் இங்கே நாட்டின் பார்வையாகப் பொதுமைப்படுத்தப்படுகிறது. தமிழகத்துத் திருமண ஆல்பங்களும், பள்ளி வகுப்புப் படங்களும், சுவரில் மாலையிட்டு மாட்டிய மூதாதையர் முகங்களும் நெடுங்காலம் கறுப்பு வெள்ளையாகவே இருந்தன. அவற்றின் கறுப்பு வெள்ளை, மேற்கிலிருந்து வந்த துயரழகியலின் சாயல் அன்று. கிடைத்த சுருள் அதுவாக இருந்தது என்பதே அதன் காரணம்.

திங்கள் என்னும் பெயர்

அவ்வாறு கிடைத்த சுருள்களுள் ஒன்று 'இந்து'. நடுவணரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 1960இல் பதிவாகி, பிரெஞ்சு நிறுவனமொன்றின் தொழில்நுட்பத் துணையுடன் 1967இல் உதகமண்டலத்தில் உற்பத்தியைத் தொடங்கியது. தூசு குறைந்த காற்று, குளிர்ந்த தட்பவெப்பம், தூய நீர் ஆகியவை படச்சுருள் தயாரிப்பின் அடிப்படைத் தேவைகள் என்பதால் நீலகிரி தேர்வாயிற்று. இந்து என்றால் திங்கள். சமயப்பெயராக இதை வாசித்துவிடும் மயக்கம் எழுத்தொற்றுமையால் நேர்வது. வெள்ளியின் வேதிவினையால் உருவாகும் படத்துக்குத் திங்களின் பெயர் பொருந்தியதே. வெள்ளி உப்பும் எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டினும் கலந்த குழம்பை மெல்லிய தாளாகிய அடித்தளத்தின்மீது சீராகப் பூசுவதே சுருளாக்கத்தின் உயிர்நிலை. நிறங்கள் அனைத்தையும் உணரும் சுருளாயின் அப்பூச்சு முழு இருளில் நடைபெற வேண்டும். ஒளியைப் பிடிக்கும் பொருளைச் செய்தவர்கள் தம் பணிநேரத்தை இருளில் கழித்தனர்.

இந்துவின் பயன்பாடு கலைஞர்களின் கைகளில் மட்டும் நிற்கவில்லை. சிற்றூர் ஸ்டுடியோக்களின் சுருளும் அச்சுத்தாளும் ஒருபுறம். மருத்துவமனைகளின் எக்ஸ்ரே படச்சுருள் மறுபுறம். நெஞ்சகப் படத்தைச் சன்னலொளியில் தூக்கிப் பார்த்த நோயாளியும் சுருளின் பயனாளரே. படச்சுருள் மீதான நினைவேக்கத்தில் இந்த எக்ஸ்ரே தாளுக்கு இடமில்லை. நோயும் அச்சமும் கலந்த நினைவு ஏக்கத்துக்கு உதவாது என்பது காரணமாகலாம். ஆயினும் அரசு நிறுவனமொன்று படச்சுருள் செய்ய முற்பட்டதன் பயன், கலையைவிடவும் இத்தகைய பொதுநலத் தேவையிலேயே மிகுதியும் வெளிப்பட்டது.

இனி இதன் வீழ்ச்சி. எண்ணியல் ஒளிப்படம் வந்தது, இந்து அழிந்தது என்பது பொதுவாக வழங்கும் கதை. காலவரிசை இக்கதையை ஏற்கவில்லை. இந்நிறுவனம் நலிவுற்றதாக அறிவிக்கப்பட்டது 1990களின் நடுப்பகுதியில். அப்போது தமிழகத்துச் சிற்றூர்களில் எண்ணியல் கேமரா இல்லை. கேமரா பொருத்திய கைப்பேசி உலகச் சந்தைக்கே வரவில்லை. மாறாக, அக்காலமே வண்ணச்சுருளைக் கழுவி அச்சிடும் கலர் லேப்கள் மாவட்டத் தலைநகரங்களில் பெருகிய காலம். படச்சுருள் விற்பனை உச்சத்தை நோக்கிச் சென்றபோதே இந்து சாய்ந்தது. 1991க்குப் பின் இறக்குமதித் தடைகள் தளர்ந்ததும், பாலியெஸ்டர் எக்ஸ்ரே திட்டத்துக்காக வாங்கிய கடனும் வட்டியும் நிறுவனத்தை அழுத்தியதும், நாடு வண்ணத்துக்கு மாறியபோது அது கறுப்பு வெள்ளையையே தன் வலிமையாகக் கொண்டிருந்ததும் அதன் காரணங்கள். எஞ்சிய ஊழியர்க்கான விருப்ப ஓய்வுத் தொகுப்புக்கு 2014இல்தான் அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்தது. நலிவுக்கும் அந்த ஒப்புதலுக்கும் இடையே ஏறக்குறைய இருபது ஆண்டுகள். எண்ணியல் புரட்சி இந்த இடைக்காலத்தில்தான் நிகழ்ந்தது. ஏற்கெனவே வீழ்ந்திருந்த ஒன்றுக்குப் பின்னர் வந்த காரணமாக அது ஒட்டப்பட்டது.

இப்பிழை சிறிதன்று. தொழில்நுட்ப மாற்றம் என்னும் ஒரு சொல், கொள்கை முடிவுகளையும் நிதி முடிவுகளையும் இயற்கை நிகழ்வாக்கிவிடுகிறது. மழை பெய்ததுபோல் மாற்றம் வந்தது என்று சொல்லிவிட்டால் கேள்விக்கு இடமில்லை.

கையறுநிலையும் நினைவேக்கமும்

நினைவேக்கத்தை ஸ்வெட்லானா பாய்ம் 2001இல் வெளிவந்த தம் நூலில் இருவகைப்படுத்தினார்: இழந்ததை மீட்டுக் கட்ட முனைவது ஒன்று, இழப்பையே எண்ணிப் பார்த்துத் தங்குவது மற்றொன்று. தமிழாய்வில் இப்பகுப்பு இப்போது பெருவழக்காகிவிட்டது. ஆயினும் படச்சுருள் குறித்து இதனால் கிடைக்கும் பயன் அளவுக்குட்பட்டதே. சுருளைத் தேடி வாங்கிப் படமெடுக்கும் இளைஞர் முதல்வகையா, இரண்டாம் வகையா என்று முடிவுசெய்வதால் இந்துவின் மௌனம் விளங்காது. தமிழ் மரபுக்குள்ளேயே இதனினும் கூர்மையான கருவி உண்டு.

புறநானூற்றின் 112ஆம் பாடல் பாரி மகளிர் பாடியது. பொதுவியல் திணை, கையறுநிலைத் துறை. இரு நிலவிரவுகளை அருகருகே வைக்கும் ஐந்தடிச் சிறுபாடல் அது. அன்றைய நிலவில் தந்தை இருந்தான், குன்றைப் பிறர் கொள்ளவில்லை; இன்றைய நிலவில் முரசறைந்த வேந்தர் குன்றைக் கொண்டனர், தந்தை இல்லை. இவ்வளவே செய்தி. துயரத்தை விவரிக்கும் அடைமொழி ஒன்றும் இல்லை. திங்கள் மாறவில்லை, மாறியது குன்றின் உடைமை. அம்மாற்றத்தைச் செய்தவர் யாவர் என்பதும் பாட்டிலேயே உள்ளது. காலம் குன்றைக் கொண்டதாக அம்மகளிர் பாடவில்லை.

இதையடுத்து வரும் 113ஆம் பாடலில் பறம்பை விட்டு நீங்கும் கபிலர், அம்மலையில் தாம் உண்டதையும் பெற்றதையும் வெளிப்படையாக எடுத்துரைக்கிறார். தம் சார்புநிலையை மறைக்காமை கையறுநிலையின் மற்றோர் இயல்பு. செயலற்று நிற்பவன், யாருடைய கொடையால் தான் இயங்கினான் என்பதையும் சொல்கிறான். ஆக, இத்துறையிலிருந்து இரு வினாக்களைப் பெறலாம்: குன்றைக் கொண்டவர் யார்? குன்று தந்தது என்ன?

கோடாக்ரோமுக்கான இரங்கல்களை இவ்வினாக்களுக்கு முன் நிறுத்தினால் அவற்றின் குறை புலப்படும். எண்ணியல் கேமராவின் முன்மாதிரியை 1975இல் உருவாக்கிய ஸ்டீவன் சாசன் கோடாக்கின் பொறியாளரே. சுருளை நிறுத்தியதும் அதே நிறுவனம். கடைசிச் சுருளைக் கலைஞருக்குத் தந்ததும் அதே நிறுவனம். பறம்பைக் கொண்ட வேந்தரே பாணனுக்கு யாழ் தந்து இரங்கற்பா பாடச் சொன்னதற்கு இது ஒப்பாகும். அப்பாட்டில் வேந்தர் பெயர் வருமென எதிர்பார்ப்பதற்கில்லை. 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்புக் கோரியபோது அவ்வேந்தரும் வீழ்ந்தார் என்பது கதையின் பிற்பகுதி. ஆனால் அது சுருளின் காதலர் பாடும் பகுதியன்று.

இந்துவுக்கோ பாட்டே இல்லை. எச்.எம்.டி. கடிகாரத்துக்குக் கிடைத்த அன்பு, அதே தலைமுறை அரசு நிறுவனமான இதற்குக் கிடைக்காததேன்? கடிகாரம் உடலில் தங்கும் பொருள். சாவி கொடுத்தால் இன்றும் ஓடும். பாட்டனாரின் கையிலிருந்து பெயரனின் கைக்கு மாறும். சுருளோ பயன்பட்டவுடன் தன் பெயரை இழக்கிறது. படத்தில் முகம் தெரியும், சுருளின் பெயர் தெரியாது. நெகடிவின் ஓரத்திலுள்ள சிற்றெழுத்தைப் பார்த்தாலன்றி அது எவ்வகைச் சுருளென்று குடும்பத்தார் அறியார். கோடாக்ரோமின் பெயர் நின்றதற்குப் பால் சைமனின் 1973ஆம் ஆண்டுப் பாடல் முதல் நிறுவன விளம்பரம் வரை துணை நின்றன. விளம்பரத்தால் நின்ற பெயரையே பின்னர் நினைவு என அழைக்கிறோமா என்ற ஐயம் இங்கு எழுவது முறையே.

முகமும் சுருளும்

இந்து போன்ற சுருளின்மீதான அன்பு பெயரின்றியே வேறோரிடத்தில் தங்கியுள்ளது, அவ்விடம் ஸ்டுடியோ. நூற்றிருபதாம் எண் சுருளில் பெரும்பாலும் பன்னிரண்டு படங்கள். முப்பத்தைந்து மில்லிமீட்டர் சுருளில் முப்பத்தாறு. இந்த எண்ணிக்கைக்குள் ஓர் ஊரின் திருமணங்களும் இறப்புகளும் அடங்க வேண்டியிருந்தன. இறந்தவருக்குத் தனிப்படம் இல்லாதபோது, குழுப்படமொன்றிலிருந்து முகத்தை மட்டும் பிரித்துப் பெரிதாக்கி, தோளுக்குக் கீழே கோட்டோ சேலையோ வரைந்து சேர்ப்பது ஸ்டுடியோக்களின் வழக்கமான பணி. ரோலான் பார்த் 1980இல் எழுதியதுபோல் ஒளிப்படத்தின் சாரம் 'அது இருந்தது' என்னும் சான்றே எனில், தமிழ்ச்சுவரின் இப்படங்கள் பாதிச் சான்று, பாதிக் கைவேலை. படச்சுருள் உண்மையானது, எண்ணியற்படம் பொய்க்கு இடந்தருவது என்னும் நினைவேக்கக் கூற்றை இந்த வரைந்த கோட்டே மறுத்துவிடும்.

ரீ-டச்சிங் எனப்படும் பென்சில் திருத்தம் இன்னும் ஆழமாகப் பார்க்கத்தக்கது. நெகடிவின்மீது கூர்பென்சிலால் தீட்டி முகத்தின் கறுமையைக் குறைத்தனர். அது வாடிக்கையாளர் விரும்பிய பணி; சாதியும் நிறமும் பிணைந்த விருப்பம் அது. வண்ணச்சுருளின் வரலாறும் இவ்வகையில் தூய்மையானதன்று. வெள்ளை நிறப் பெண்ணின் படத்தைக் கொண்ட 'ஷெர்லி' அட்டையை அளவுகோலாக்கியே வண்ண அச்சுகள் நெடுங்காலம் சீர்செய்யப்பட்டன என்பதை லோர்னா ராத்தின் ஆய்வு 2009இல் விளக்கியது. கறுத்த முகத்தின் நுட்பங்கள் இருளில் மூழ்கியதற்கு அவ்வளவுகோலும் ஒரு காரணம். பழைய சுருளின் நிறத்தைக் கைப்பேசி வடிகட்டிகளில் மீட்டெடுத்து மகிழ்வோர், அந்நிறம் யாருடைய தோலுக்காக அமைக்கப்பட்டது என்பதையும் உடன் மீட்டெடுக்கின்றனர்.

ஸ்டுடியோக்களின் நெகடிவுகளுக்கு நேர்ந்தது வேறு. வெள்ளி பிரிப்போரிடம் எடைக்குப் போனவை பல. கண்ணாடித் தட்டுகள் சுரண்டப்பட்டுக் கண்ணாடியாகவே விற்கப்பட்டன. எஞ்சியவற்றைத் தேடி, பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ் ஸ்டுடியோப் படங்களை எண்ணியல் வடிவில் தொகுத்தது. பாலுமகேந்திராவும் தம் 'வீடு' போன்ற படங்களின் மூலநெகடிவ் அழிந்ததைப் பொதுமேடைகளில் எடுத்துரைத்து, ஆவணக்காப்பகம் வேண்டுமென வற்புறுத்தினார். சுருளைப் பேணுவோர் இன்று எண்ணியல் வருடியை நாடவேண்டியுள்ளது. படச்சுருள் காதலர் இதை முரணாகக் கருதுவர். காப்பகப் பணியில் ஈடுபட்டோர்க்கு அது முரணன்று. அவர்கள் காப்பது முகத்தை, பூச்சை அன்று. பூச்சையும் காக்கவேண்டும் என்னும் வாதத்துக்கு வலிமை உண்டு. ஆனால் அதைச் செய்ய நிலையான குளிர்பதன அறையும் ஆண்டுதோறும் நிதியும் வேண்டும். ஏக்கம் மட்டும் அதற்குப் போதாது.

குன்றின் உடைமை

பாரி மகளிரின் வினாவை உத்தனப்பள்ளிக்கும் கொண்டு செல்ல வேண்டியுள்ளது. உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஊராட்சிகளில் புதிய சிப்காட்டுக்காக நிலம் எடுக்கும் முயற்சியை எதிர்த்து விவசாயிகள் 2023இல் நெடுநாள் போராடினர். அவர்கள் பேசியது ஏக்கமன்று. இன்னும் கையிலிருக்கும் நிலத்தைப் பற்றி. கையறுநிலைக்கு முந்திய நிலை அது. அதே வட்டாரத்தின் ஆலையில் பணிக்கு வந்த பெண்களுக்கோ, வேற்றூரில் தம் பெயரில் ஊதியம் பெறும் வாய்ப்பை அவ்வாலையே தந்தது. எனவே ஆலையை முரசறைந்த வேந்தராக மட்டும் வாசிப்பதும் குறையுடையதே. குன்று கொண்டதையும் குன்று தந்ததையும் ஒருசேரச் சொல்லும் பாட்டு இவ்வட்டாரத்தைப் பற்றி எழுதப்படும்போது, அதற்கான சான்றுகள் கைப்பேசிப் படங்களாகவே இருக்கும்.

உதகையில் இருளில் நின்று பூச்சுவேலை செய்தோரின் படங்கள் எத்தனை எஞ்சியுள்ளன என்பது தொகுக்கப்பட வேண்டிய செய்தி. பூச்சறைக்குள் விளக்கேற்ற இயலாது. அங்கே படமெடுக்கவும் இயலாது. அப்பணியைச் செய்து ஓய்வுபெற்றவர்கள் உதகமண்டலத்திலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழ்கின்றனர். அவர்களிடமிருந்து வாய்மொழி வரலாறு திரட்டும் பணி ஒளிப்பட ஆய்வாளர்க்கு எவ்வளவு உரியதோ, தமிழாய்வாளர்க்கும் அவ்வளவு உரியது. பூச்சு, கழுவல், நிறுத்தல், நிலைப்படுத்தல் எனத் தொழிற்சாலைக்குள் வழங்கிய தமிழ்ச்சொற்களும் நீலகிரியின் பிறமொழிச் சொற்களும் அவர்கள் நினைவில் மட்டுமே உள்ளன.